மூன்றாம் மாடியில் ஒரு கொடைக்கானல்

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். ராஜா அண்ணாமலைபுரத்தில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் மின்தூக்கிக்குள், கண்கள் இரண்டும் மூக்கு ஒன்றும் நீங்கலாக மற்ற அனைத்தும் கம்பளியால் மூடப்பட்ட ஓர் உருவம் நின்றுகொண்டிருந்தது. தலையில் குரங்குக் குல்லாய், கழுத்தில் மஃப்ளர், உடம்பில் முழுக்கை ஸ்வெட்டர், அதன்மேல் ஒரு சால்வை, வேட்டிக்குக் கீழே காலுறை. என் கைப்பேசியோ அந்த நேரத்து வெப்பநிலை இருபத்து நான்கு என்று சொல்லிற்று. மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் இவர்தாம், எங்கோ வெளியூர் புறப்படுகிறார் என்று ஊகித்து, மரியாதைக்காக விசாரித்தேன்.

"ஊட்டிக்கா சார்?"

"இல்ல சார், பால் வாங்க" என்றது குல்லாய்.

வாசகரே, இவ்வினத்துக்குக் 'குளிர் வளர்ப்போர்' என்று பெயர் சூட்டியிருக்கிறேன். சிலர் கிளி வளர்ப்பார்கள். சிலர் மாடியில் கத்தரி வளர்ப்பார்கள். இவர்கள் சென்னையில் குளிர் வளர்ப்பவர்கள். கிளியும் கத்தரியும் தாமாகவே ஓரளவு வளரும். சென்னையில் குளிர் அப்படி வளராது. ஆகையால் இவர்களுடைய உழைப்பு மற்ற இருவருடையதைக் காட்டிலும் பெரிது.

தீபாவளி வெடிச்சத்தம் ஓய்ந்த மறுநாளே குளிர் வளர்ப்பவர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கி, அந்துருண்டை மணக்கும் கம்பளிகளை உதறி, மொட்டைமாடிக் கொடியில் முப்பத்து மூன்று டிகிரி வெயிலில் காயப்போட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே "இந்த வருசம் குளிர் கொஞ்சம் சாஸ்தி" என்று முதல் அறிவிப்பை வெளியிடுவார். ஆண்டுதோறும் இதே அறிவிப்புத்தான். எந்த ஆண்டோடு ஒப்பிட்டு என்று யாரும் கேட்டதில்லை. நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்தில் ஒரு டிகிரி குறைவு என்று செய்தியில் வந்தால், பேரனுக்கு முதல் பரிசு கிடைத்ததுபோல அதைத் தெருவெல்லாம் சொல்லிவருவார். மார்கழிக் காலையில் மயிலாப்பூர் மாடவீதியில் நடக்கும்போது உங்களை நிறுத்தி, "இங்க பாருங்க, மூச்சு விட்டா புகை வருது" என்று வாயைக் குவித்து ஊதுவார். வராது. மறுபடியும் ஊதுவார். அப்போதும் வராது. "வெயில் வந்திடுச்சில்ல" என்பார். மணி ஐந்தரைதான் ஆகியிருக்கும்.

எங்கள் மூன்றாம் மாடிக்காரர் இசக்கிமுத்து இவ்வினத்தின் தலைசிறந்த மாதிரி. அதற்குத் தக்க காரணமும் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் முப்பத்தாறு ஆண்டுகள் கடை நடத்தியவர். அவர் விற்றது கம்பளி. கொடைக்கானலுக்குப் போகும் புதுமணத் தம்பதியர், காசிக்குப் போகும் முதியோர், அமெரிக்காவில் பேறுகாலம் பார்க்கப் போகும் மாமியார்கள் ஆகிய மூவகை மக்களுக்கும் ஸ்வெட்டரும் சால்வையும் விற்றே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். சென்னையில் கம்பளி விற்று வாழ்ந்த ஒருவர் குளிரை நம்பாமல் வேறு எதை நம்புவார்?

ஊரார் அனைவரையும் மலைக்கு வழியனுப்பிய அந்த மனிதர் தம் மனைவி முத்தம்மாவை ஒரு முறைகூட மலைக்கு அழைத்துச் சென்றதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. திருமணமான ஆண்டில் கொடைக்கானல் என்று வாக்குக் கொடுத்தார். ஆனால் மலையில் குளிரும் மாதம்தானே கடையில் கூட்டம்? முப்பத்தாறு டிசம்பர்கள் அப்படியே போயின. மகன்களிடம் கடையை ஒப்படைத்துவிட்டு அவர் பயணச்சீட்டு வாங்கக் கிளம்பியபோது, முத்தம்மாவின் மூட்டுவலியையும் மலைப்பாதையில் நான்கு வளைவு ஏறினாலே வரும் தலைசுற்றலையும் கருதி, மருத்துவர் பயணமே கூடாது என்று சொல்லிவிட்டார்.

முத்தம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "விடுங்க. குளிருக்கு நடுங்கத்தான போகணும்? கரண்டு பில்லு வந்தா இங்கயே நடுங்கலாம்" என்றார். இசக்கிமுத்துவால் விட முடியவில்லை. 2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தில் அவர் என் கதவைத் தட்டினார். நான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்.

"சார், ஒரு பெர்மிசன் வேணும். வீட்டுக்குள்ள ஃபயர்பிளேஸ் கட்டப்போறேன்."

"கணப்பா? இங்கேயா?"

"அவளால மலைக்குப் போக முடியாதுல்லா. மலைய இங்க கொண்டாந்துருவோம். கொடைக்கானல் பங்களாவுல இருக்க மாதிரி, செங்கல்லு, புகைபோக்கி, நெருப்பு, முன்னால ரெண்டு சாய்வு நாக்காலி. எங்க வீட்டுக்கு மேல மொட்டமாடிதான, அதுல ஒரே ஒரு ஓட்ட போடணும். அதுக்குத்தான் பெர்மிசன்."

சங்கம் இரண்டு கூட்டங்களில் விவாதித்து, மொட்டைமாடித் தளத்தில் புகைபோக்கிக்குத் துளையிட அனுமதி வழங்கியது. ஒரு நிபந்தனை விதித்தது: வேலை முடிந்ததும் செயலாளர் நேரில் ஆய்வு செய்து சான்று எழுதித் தர வேண்டும். அந்தப் பொறுப்பை நான் எளிதாக எண்ணவில்லை. இணையத்தில் தேடி, பனிநாட்டு மக்கள் தங்கள் கணப்பைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தக் கடைப்பிடிக்கும் விதிகளைத் திரட்டி, நல்ல தமிழில் பதினொன்றாகத் தொகுத்து, எண்ணிட்டு, தட்டச்சு செய்து, கண்ணாடிச் சட்டமிட்டு அவரிடம் வழங்கினேன். உலர்ந்த விறகே பயன்படுத்துக. தீப்பொறி தெறிக்காதபடி கம்பித் திரை வைக்க. சாம்பலை மூடியுள்ள கலத்தில் சேர்க்க. எரியும் நெருப்பைத் தனியே விட்டு நீங்கற்க. இலக்கணப்பிழை ஒன்றுகூட இல்லை.

கட்டுவதற்கு ஆள் தேட வேண்டுமே? சென்னையில் எந்தக் கொத்தனார் கணப்புக் கட்டியிருக்கிறார்? இசக்கிமுத்து ஒரு மாதம் அலைந்து கோடம்பாக்கத்தில் ஒருவரைப் பிடித்தார். பெயர் ஜான்சன். அவருடைய அனுபவத்தை நாங்கள் இருவரும் விசாரித்தோம்.

"அம்பத்திரெண்டு கட்டிகீறேன் சார். எல்லாம் பெரிய பெரிய பங்களாவுக்கு."

அந்த ஐம்பத்திரண்டு பங்களாக்களும் திரைப்படத் தளத்தில் நின்றவை என்பதையும் அவர் மறைக்கவில்லை. பட்டு அங்கி அணிந்த பணக்காரத் தந்தை மாடிப்படியில் இறங்கிவந்து, ஏழைக் காதலனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்வாரே, அவருக்குப் பின்னால் எரியும் கணப்பு எல்லாம் ஜான்சன் கைவேலை. "நம்ம வேலையப் பாத்து வெள்ளக்காரனே ஏமாந்துருவான் சார்" என்றார். அதை நாங்கள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

பத்தே நாளில் வேலை முடிந்தது. நடுவில் ஒருநாள் ஜான்சன், "உள்ள செவப்பு பல்பு போடவா, மஞ்சா பல்பு போடவா நைனா?" என்று கேட்டாராம். "பல்பு எதுக்கு? நெருப்பு போதும்" என்று இவர் சொல்ல, பெரிய மனிதர் கேலி பேசுகிறார் என்று ஜான்சன் சிரித்துவிட்டுப் போனாராம்.

அன்று எங்களில் யாருக்கும் தெரியாத ஓர் உண்மையை உங்களுக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அடியில் நெருப்பு வைக்கும் மாடம் மட்டும் நிஜச் செங்கல். மற்றவை ஒட்டுப்பலகையும், அதன்மேல் பூசிய சுண்ணமும், அதன்மேல் தீட்டிய செங்கல் வண்ணமும். கம்பீரமாக மேலெழுந்த அந்தப் புகைபோக்கி பொய்க்கூரை வரை சென்று, அங்கே நின்றுவிட்டது. தளத்தில் துளையே இல்லை.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சவுக்குக் கட்டை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். வீடு முழுவதும் புகை. கண்ணில் நீர் வழிய இசக்கிமுத்து காரணம் கண்டுபிடித்தார்: விறகு ஈரம். முதல் விதியை மீறியதுதான் பிழை என்று நானும் ஆமோதித்தேன். ஈரமே இல்லாத எரிபொருள் வேண்டும் என்று இருவரும் தெருமுனைக்கு நடந்தோம். அங்கே இஸ்திரி வண்டியில் வேலம்மா கரிப்பெட்டியை விசிறிக்கொண்டிருந்தார். இருபது ஆண்டுகளாக எங்கள் தெருவின் சட்டைகளுக்கெல்லாம் மடிப்பு வைப்பவர் அவர்.

"ரெண்டு கிலோ கரி தாம்மா."

"இன்னாத்துக்கு நைனா? நீயும் வண்டி போடப்போறியா?"

"வீட்டுக்குள்ள குளிர்காயறதுக்கு."

வேலம்மா விசிறியை நிறுத்தினார். "குளிரா? எங்க கீது?"

"ஏசி போட்டுட்டுத்தான்."

"ஏசியும் போட்டுக்கினு, கதவயும் சாத்திக்கினு, கரியும் போடுவியா? ஒண்ணு இத்த நிறுத்து, இல்ல அத்த நிறுத்து. மூடுன ரூம்ல கரி ஆவாது நைனா. மழையில நான் நனைஞ்சாலும் நனைவேன், பொட்டிய ஊட்டுக்குள்ள கொண்டுக்கினு போய் கதவ சாத்த மாட்டேன்."

"எங்ககிட்ட புகைபோக்கி இருக்கும்மா" என்றேன் நான், பதினோரு விதிகளைத் தொகுத்தவனுக்குரிய பொறுமையோடு.

கரி புகையவில்லை. கைப்பிடி அளவு கொளுத்திப் பார்த்ததில், இல்லாத புகையை அந்தப் புகைபோக்கி மிக அழகாக வெளியேற்றியது. இசக்கிமுத்து கைதட்டினார். கரி எரியும்போது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நஞ்சு வெளிவரும், அதற்குக் கார்பன் மோனாக்சைடு என்று பெயர் என்பதை நான் கல்லூரியில் படித்தவன்தான். தேர்வு முடிந்ததும் மறந்தவனுந்தான்.

எஞ்சியிருந்தது சான்று. மொட்டைமாடிக்கு ஏறி, புகைபோக்கியின் வாயை நேரில் பார்த்து, கையெழுத்திட வேண்டும். மாடிச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. ஏற வேண்டிய படிகள் பதினெட்டு. ஆனால் மணி மாலை ஆறரை. பனி இறங்கும் நேரம். தலையில் பனி பட்டால் எனக்கு மூன்று நாள் மூக்கடைக்கும். புகைபோக்கியை விரலால் தட்டிப் பார்த்தேன், டொக்கென்று ஒலித்தது. "புகை எங்கே போகும்?" என்று ஒரு கேள்வியும் கேட்டேன். "மேலதான் சார் போகும், புகை எங்கயாவது கீழ போகுமா?" என்றார். மறுக்க முடியாத வாதம். 'நேரில் ஆய்வு செய்தேன். புகைபோக்கி தளத்தின் மேல் முறையாகத் திறந்துள்ளது. திருப்தி' என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி அவரிடம் கொடுத்தேன்.

திறப்பு விழா 2025 ஜனவரி 5, ஞாயிறு, மாலை நான்கு மணி. திருவான்மியூர்க் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த மணல் இரண்டு வாளியில் தயாராக இருந்தது. தீயணைப்பான் சுவரில் தொங்கியது. கம்பித் திரை பளபளத்தது. என் பதினோரு விதிகள் சட்டத்துக்குள் மின்னின. இரண்டு மணியிலிருந்தே குளிர்சாதனத்தைப் பதினாறில் ஓடவிட்டு, நெருப்பு மூட்டும் அளவுக்கு அறையைக் குளிரப்படுத்தி வைத்திருந்தார்கள். சன்னல் இடுக்குகளில் நாடா ஒட்டப்பட்டிருந்தது. என் கண் பதினோராவது விதியின்மேல் சென்றது.

"அறையில் ஒரு சன்னலேனும் சற்றே திறந்திருத்தல் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்."

"தொறந்தா குளிரு வெளிய போயிருமே சார்!"

வாசகரே, இந்த வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை படியுங்கள். உலகெங்கும் குளிர் உள்ளே வந்துவிடும் என்று சன்னலைச் சாத்துகிறார்கள். குளிர் வெளியே போய்விடும் என்று சாத்துபவர்கள் நாம் மட்டுமே. எனக்கோ அப்போது அது நியாயமாகப் பட்டது. பேனாவை எடுத்து, பதினோராவது விதிக்கு நேரே கண்ணாடியின்மேல் 'சூழ்நிலைக்கேற்ப' என்று எழுதினேன்.

மூவரும் அமர்ந்தோம். நெருப்புக்கு மிக அருகில் முத்தம்மா; அவருக்காகத்தானே எல்லாம்? கடையில் விற்காமல் எடுத்துவைத்திருந்த காஷ்மீரச் சால்வையை இசக்கிமுத்து அவர் தோளில் போர்த்தினார்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. கொடைக்கானல்ல ஏரி இருக்கும்பாகளே, அது எங்க?"

"அடுத்த வருசம் பாத்ரூமுல கட்டுவோம்."

"குதிரையும் ஒண்ணு வாங்கிருங்க. மூட்டு வலிக்கி, லிஃப்டு வரைக்கும் ஏறிப் போவேன்."

சிரித்தோம். மிளகாய் பஜ்ஜி வந்தது. கரி சிவந்து, சாம்பல் பூத்து, மீண்டும் சிவந்தது. குளிர்சாதனம் குளிரைக் கொட்டிக்கொண்டிருக்க, கணப்பு வெப்பத்தைக் கொட்டிக்கொண்டிருக்க, இரண்டும் ஒன்றோடொன்று போரிட, இரண்டுக்கும் நடுவே நாங்கள் பரம சுகமாக உட்கார்ந்திருந்தோம். ஐந்து மணிக்கு என் நெற்றிப்பொட்டு வலித்தது. எட்டு பஜ்ஜி தின்றதன் பயன் என்று கொண்டேன். ஐந்தேகாலுக்கு முத்தம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

இசக்கிமுத்து என் பக்கம் குனிந்து, குழறும் குரலில் கிசுகிசுத்தார்: "பாத்தியளா சார்? முப்பத்தாறு வருசத்துல அவ பகல்ல கண்ணசந்து நான் பாத்ததில்ல. சொகம்னா இதுல்லா சொகம்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஒரு மனைவி மயங்கிக்கொண்டிருந்தார். கணவர் அதைத் தம் வாழ்நாள் வெற்றியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கச் செயலாளர் 'எரியும் நெருப்பைத் தனியே விட்டு நீங்கற்க' என்ற விதியைக் கடைப்பிடித்து அசையாமல் அமர்ந்திருந்தார். எழ வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் உண்மை. கால்கள் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றவில்லை.

அழைப்புமணி ஒலித்தது. யாரும் எழவில்லை. மீண்டும் ஒலித்தது. பிறகு தாழிடாத கதவைத் தள்ளிக்கொண்டு, தலையில் துணி மூட்டையோடு வேலம்மா வந்தார்.

"அய்ய! இன்னா, பொகை நாத்தம் கூட இல்லாம இப்டி கம்முனு... ஏய்! எய்ந்திரு! எய்ந்திரு சார்!"

மூட்டை தரையில் விழுந்தது. அடுத்த நிமிடத்தில் அந்த அம்மாள் செய்தவை எவையும் என் பதினோரு விதிகளில் இல்லை. பால்கனிக் கதவை உதைத்துத் திறந்தார். முத்தம்மாவைச் சாய்வு நாற்காலியோடு சேர்த்துத் தரதரவென்று வெளியே இழுத்தார். என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். இஸ்திரி போட்ட எட்டு முழ வேட்டியைக் கையில் சுற்றிக்கொண்டு கணப்புக்குள் இருந்த இரும்புக் கரிக்கூடையைத் தூக்கிப் பால்கனியில் கவிழ்த்து, மணல் வாளி இரண்டையும் அதன் தலையில் கொட்டினார். "நைனா, அந்தம்மாவப் புடி! மூச்சு கீதா பாரு!"

இருந்தது. சிறிது இருந்தது.

முத்தம்மா மருத்துவமனையில் இரண்டு நாள் ஆக்சிஜனோடு கிடந்தார். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் எதுவும் செய்வதற்கு இருந்திராது என்று மருத்துவர் இசக்கிமுத்துவிடம் சொன்னார். மூன்றாம் நாள் கண்விழித்து முழு நினைவோடு பேசிய முத்தம்மா கணவரைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம்: "கடையில நின்னே காலத்த ஓட்டியிருக்கலாம் நீங்க." அவர் குழந்தைபோல அழுதார்.

ஜான்சன் ஓடிவந்து பொய்க்கூரையைத் திறந்துகாட்டினார். முகத்தில் அடித்துக்கொண்டார். "நெசமாவே நெருப்பு வைப்பீங்கன்னு சத்தியமா தெரியாது சார். அம்பத்திரெண்டு படத்துல ஒரு டைரக்டர் கூட புகை எங்க போவும்னு கேட்டதில்ல."

அவராவது தெரியாது என்றார். எனக்கு என்ன சொல்ல இருந்தது?

அடுத்த ஞாயிறு சங்கத்தின் சிறப்புக் கூட்டம். தலைவர் வேதநாயகம், ஓய்வுபெற்ற பொறியாளர், கண்டிப்பானவர், கோப்பை விரித்துவைத்துக்கொண்டு கேட்டார்: "துளையே போடாத தளத்துல துளை இருக்குன்னு பார்த்தது யாரு? ஆய்வுச் சான்று எங்கே? கோப்புல பிரதி இல்லையே?"

பிரதியை நான் கோப்பில் வைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் வைக்கலாம் என்று, கூட்டத்துக்கு முன்பிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எழவேண்டிய நேரம் அதுதான். தொண்டையைச் செருமினேன். செருமி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து இசக்கிமுத்து எழுந்தார்.

"செயலாளருக்கு இதுல ஒண்ணும் தெரியாது. சான்று வாங்குததுக்கு முன்னாலேயே நாந்தான் அவசரப்பட்டுக் கொளுத்திட்டேன். பொண்டாட்டி மேல உள்ள ஆசையில புத்தி கெட்டுப்போச்சி. எல்லாரும் மன்னிக்கணும்."

கைகூப்பினார். கூட்டம் அவரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தை எழுத்துப்பிழையின்றி எழுதிப் பதிவேட்டில் சேர்த்தவன் நான். செயலாளர் அல்லவா?

வாசகரே, குளிர் வளர்ப்போரைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நல்லது. இப்போது உங்கள் படுக்கையறைக்குப் போய்ப் பாருங்கள். குளிர்சாதனம் எத்தனையில் ஓடுகிறது? பதினெட்டா? உங்கள்மேல் கிடப்பது என்ன? கழுத்துவரை கம்பளியா? குளிரை விலைக்கு வாங்கி, அதற்குப் பயந்து போர்த்திக்கொண்டு படுப்பவருக்கு இதைவிடத் துல்லியமான இலக்கணம் எனக்குத் தெரியாது. இனி, பனி இறங்குகிறது, மழை தூறுகிறது, முழங்கால் வலிக்கிறது என்று எந்தப் பதினெட்டுப் படியையாவது ஏறாமல், 'நேரில் பார்த்தேன்' என்று எதிலாவது கையெழுத்திட்டிருக்கிறீர்களா? அவசரம் இல்லை, நிதானமாக யோசியுங்கள். உங்கள் கையெழுத்து உள்ள தாளும் எவருடைய பெட்டிக்குள்ளாவது இருக்கும். அவர் நல்லவராக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

என் தாள் இசக்கிமுத்துவிடம் இருக்கிறது. தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது. அன்று கூட்டத்தில் அது அவருடைய சட்டைப்பையிலேயே இருந்ததை, மெல்லிய வெள்ளைத் துணிக்குள் ஊதா முத்திரை தெரிந்ததை, நான் மட்டும் பார்த்தேன். அதன்பின் எத்தனையோ நாள் எதிர்ப்பட்டிருக்கிறோம். பேரப்பிள்ளைகளைப் பற்றியும் தண்ணீர் லாரியைப் பற்றியும் பேசியிருக்கிறோம். நான் ஒவ்வொரு முறையும் அந்தப் பேச்சு வரும் என்று காத்திருக்கிறேன். அவர் இன்றுவரை கேட்கவில்லை.